வெள்ளை ரவை

கேசரித் தட்டு அவள் கைக்கு வந்துவிட்டது.

நெய் மிதக்கிறது. முந்திரிக்குக் குறைச்சல் இல்லை.

எதிரே சம்பந்தியம்மா முகமெல்லாம் சிரிப்பாக நின்றார். "சாப்புடுங்க சம்பந்தி. கோதுமை ஆகாதுன்னு போன்லயே சொன்னீங்களே, மறப்பனுங்களா? கோதுமை ரவையத் தொடவே இல்லீங்க. இது வெள்ளை ரவைதானுங்க."

அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோதுமை ரவை என்று ஒன்றைத் தனியாக விற்பதால், வெறும் ரவை வேறு எதிலிருந்தோ வருகிறது என்று பாதி ஊர் நம்பிக்கொண்டிருக்கிறது. எதிலிருந்து என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. ஏழு வருடங்களுக்கு முன்பு வரை அவளும் கேட்டதில்லை.

அப்போதுதான் மருத்துவர் சொன்னார். கோதுமையில் இருக்கும் குளூட்டன் அவள் குடலைக் கெடுக்கிறது, ஆயுசுக்கும் தொடக் கூடாது. சோறு தின்கிற ஊரில் இதெல்லாம் ஒரு வியாதியா என்று தெருவில் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. ரவை கோதுமை. சேமியா கோதுமை. மைதாவும் கோதுமை. கடையில் வாங்கும் பெருங்காயத்தூள் பலவற்றில்கூடக் கோதுமை மாவு.

அன்றிலிருந்து எந்தப் பாக்கெட்டையும் முதுகுப்புறம் படிக்காமல் வாங்குவதில்லை. வெளியூர் என்றால் டிபன் பாக்ஸ் கூடவே வரும். இன்றும் திருச்சியிலிருந்து கோபிக்கு வரும் வழியில், கரூர் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து இரண்டு இட்லி தின்றாள். மிச்சம் நான்கு பையில் இருந்தன.

தனக்கு மட்டும் என்றால் அவள் யோசித்திருக்க மாட்டாள். சம்பந்தி வீட்டு மரியாதைக்காக நாலு வாய் தின்றுவிட்டு, மூன்று நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தால் போயிற்று.

ஆனால் கேசரி கிண்டியது மகள் அபர்ணாவுக்காக.

அபர்ணாவுக்கு வாந்தி, வயிறு உப்பியிருக்கிறது, நாளும் தள்ளிப்போயிருக்கிறது, டாக்டரிடம் போகலாம் என்றால் பிடி கொடுக்க மாட்டேன் என்கிறாள், நீங்கள் வந்து சொன்னால் கேட்பாள் என்று சம்பந்தியம்மாதான் போன் செய்திருந்தார். நல்ல சேதிதான் என்று நாலு தடவை சொன்னார்.

அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. பயம்தான் வந்தது. பஸ் ஏறுவதற்கு முன் பீரோவைத் திறந்து ஓர் ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்துப் பையின் அடியில் வைத்தாள்.

இப்போது மகள் சமையலறை வாசலில் நிற்கிறாள்.

கல்யாணத்தன்று சோப்புப் போட்டு ஏற்றிய வளையல்கள், முழங்கை வரை போய்விட்டுத் திரும்பி வருகின்றன.

அம்மாவின் வியாதி மகளுக்கும் இருந்தது. கல்யாணத்துக்கு இரண்டு வருடம் முன்பே தெரியும். பத்துப் பொருத்தமும் இருக்கிறது என்று இந்த இடம் வந்தபோது, இதையும் சொல்லிவிடலாமா அம்மா என்று அபர்ணா கேட்டாள். முதலில் தாலி ஏறட்டும், பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று அவள்தான் மகளின் வாயை அடைத்தாள்.

மூன்று மாதமாகப் போனில் கேட்கும்போதெல்லாம், பார்த்துத்தான் சாப்பிடுகிறேன் என்றாள் மகள். காலையில் உப்புமா. மாமனாருக்குச் சர்க்கரை என்பதால் ராத்திரி வீடே சப்பாத்தி. இதில் எதைப் பார்த்து, எதைச் சாப்பிட? இருந்தாலும் அவள் நம்பினாள். நம்புவது வசதியாக இருந்தது.

சம்பந்தியம்மா ஒரு ஸ்பூன் கேசரியை எடுத்தார். பெற்றவள் கண் முன்னால் ஒரு வாய் வாங்கிக்கொள் என்று மருமகளின் வாயருகே கொண்டுபோனார்.

அபர்ணா அம்மாவைப் பார்த்தாள். பேசாதே என்றது அந்தப் பார்வை.

பிறகு வாயைத் திறந்தாள்.

பெற்றவள் எட்டிச் சம்பந்தியம்மாவின் கையைப் பிடித்துவிட்டாள்.

"அவளுக்கும் ஆகாது சம்பந்தி. ரவையும் கோதுமைதான். இந்த வயிறும் அதனாலதான்னு நெனைக்கிறேன்."

ஸ்பூன் அந்தரத்தில் நின்றது. சம்பந்தியம்மாவின் சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் போனது.

"ஏங்கண்ணு, மூணு மாசமா ஒரு வார்த்த சொல்லலியே?"

"எனக்கே தெரியாதுங்க அத்தை."

தயங்காமல் வந்தது. மகளுக்கு இந்த ஊர்ப் பேச்சுகூட வந்துவிட்டது.

சம்பந்தியம்மா நம்பினார். ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, பாவம் பிள்ளை என்று மருமகளின் தலையைத் தடவினார்.

அத்தோடு விட்டுவிடலாம். யார் மரியாதைக்கும் பங்கம் இல்லை.

சொல்லாதே என்று மட்டும்தான் அவள் மகளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். பொய்யை மகள் தானாகவே கற்றுக்கொண்டிருக்கிறாள்.

பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்துத் திறந்தாள். மகள் நின்றபடியே ஓர் இட்லியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். அடுத்ததைப் பிட்கவில்லை, முழுதாகவே போட்டுக்கொண்டாள். தொட்டுக்கொள்ள எதுவும் கேட்கவில்லை.

அவள் மறுபடியும் பைக்குள் கையை விட்டாள். அடியில் இருந்த ஃபைலை எடுத்து, கேசரித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

மேலேயே மகளின் பெயர், அப்பாவின் இனிஷியலோடு. பெயருக்குக் கீழே பரிசோதனைத் தேதி, இரண்டு வருடத்துக்கும் முந்தையது.

மகள் மெல்லுவதை நிறுத்தினாள்.

சம்பந்தியம்மா நெய்க் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, கண்ணாடியைத் தேடினார்.