பதினேழு வெள்ளி

தொலைபேசி அடித்தபோது அவன் கைகளை விட்டுச் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தான்.

நாற்பத்து நான்கு வயதில். யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில்.

பிரான்சின் லுவார் ஆறு இடப்பக்கம் அவசரமில்லாமல் போனது. மணல் திட்டு, தண்ணீர், மறுபடியும் மணல். பாதை முழுக்கச் சமதரை. ஒரு நாளைக்கு இருபத்தைந்து கிலோமீற்றர், அதற்கு மேல் ஓர் அடியும் இல்லை என்று ரூபி முதல்நாளே சொல்லிவிட்டாள். நடுவில் மெலன் பழம், பாண், மரநிழலில் ஒரு தூக்கம்.

ரூபி அவன் மனைவி. நூறு மீற்றர் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். யாழ்ப்பாணத்தில் அரிசி மூட்டை கட்டி மிதித்தவள். தண்ணீர்க் கான் கட்டி மிதித்தவள். ஒருமுறை காய்ச்சலில் கிடந்த தங்கச்சியை முதுகோடு கட்டி மிதித்தவள். இப்போது கட்டியிருப்பது ஒரு தொப்பியும் இரண்டு துவாயும்.

"எங்கயும் போகாமச் சைக்கிள் ஓடலாமெண்டு இவ்வளவு நாளும் எனக்குத் தெரியாமப் போச்சே" என்று காலையில் சிரித்தாள்.

கலியாணமாகிப் பதினொரு வருடம். அவள் அப்படிச் சிரித்து அவன் கண்டதில்லை.

திரையில் அம்மா, வீடியோ அழைப்பு.

சனிக்கிழமை, பதினொரு மணி. அம்மா எடுக்கிற நேரம். மறந்தே போனான்.

பிரேக்கைப் பிடித்தான். ஆறு தெரியாத இடமாகப் பார்த்து ஒரு வீட்டு மதிலில் முதுகைச் சாய்த்தான். ஹெல்மெற்றைக் கழற்றிப் புல்லில் போட்டான். சட்டையின் மேல்பொத்தானைப் பூட்டினான்.

கள்ளனுக்குத்தான் எத்தனை வேலை.

"வேலையிலயோ தம்பி?"

"ஓம் அம்மா. வெளியில நிக்கிறன். சொல்லுங்கோ."

வயதான வெள்ளைக்காரச் சோடி ஒன்று சைக்கிளில் கடந்தது. இருவரும் கையசைத்து போன்ஜூர் சொன்னார்கள்.

"ஆர் அது?"

"இஞ்ச வேலை செய்யிற ஆக்கள்."

பாரிசில் அவனும் ரூபியும் ஒரே உணவகத்தில். அவன் சமையல், அவள் கோப்பை கழுவுதல். அகதி அட்டை இருந்தவரை எந்த நாட்டுக்கும் போகலாம், அம்மா இருக்கிற நாட்டுக்கு மட்டும் போக முடியாது. குடியுரிமைக் கடிதம் வந்தால்தான் போகலாம். அம்மா வாராவாரம் கேட்பார். "இன்னும் வரேல்லை" என்பான். பதினாறு வருடம் அது உண்மையாக இருந்தது.

கடிதம் மாசியில் வந்தது. பங்குனி பிறந்தபோது பாஸ்போட்டும் கையில்.

அந்தச் சனிக்கிழமையும் வாய் பழைய பதிலையே சொன்னது. பழக்கதோசம் என்று நினைத்தான். அடுத்த கிழமை அந்தச் சாட்டு அவனிடமே எடுபடவில்லை.

முதலாளி வருடத்தில் ஒரேயொரு முறை, ஆவணியில் இரண்டு கிழமை, கடையைப் பூட்டுவார். ஊருக்குப் போனால் அது லீவு இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சாப்பாடு, ஒவ்வொரு சாப்பாட்டோடும் ஓர் அழுகை. ஒருமுறை, ஒரேயொரு முறை, யாருக்கும் பங்கில்லாத இரண்டு கிழமை அவனுக்கு வேண்டியிருந்தது. அம்மாவிடம் அடுத்த ஆவணியில் போகலாம். அவர் எங்கே ஓடிப்போகப் போகிறார்?

அப்படித்தான் நினைத்தான். வெட்கம் கெட்டவன்.

ரூபியிடம், அம்மாவுக்குச் சொல்லியாச்சு, ஆறுதலாக அடுத்த வருடம் வரட்டாம் என்றான். அவள் நம்பினாள். நம்பியதால்தான் அந்தச் சிரிப்பு.

"தம்பி, டொக்டர் திகதி தந்தவர். நெஞ்சு ஒப்பரேசனுக்கு."

"எப்பவாம்?"

"வாற கிழமை. நான் வேண்டாமெண்டிட்டன்."

"ஏன் அம்மா?"

"நீ பக்கத்தில நிக்கோணும். பிள்ளையின்ர கடிதம் வரட்டும், பிறகு வெட்டுங்கோ எண்டு சொல்லிப்போட்டன். பிந்தினா ஆபத்தெண்டு ஏசினவர். ஏசட்டும்."

மதில் வெயிலில் சுட்டது. அவன் முதுகை எடுக்கவில்லை.

ரூபி அவனைக் காணாமல் திரும்பி வந்துகொண்டிருந்தாள். தூரத்திலிருந்தே இரண்டு தரம் மணியடித்தாள்.

"அம்மா." "கடிதம் வந்திட்டுது. பாஸ்போட்டும் வந்திட்டுது. நீங்கள் ஒப்பரேசனுக்கு ஓமெண்டு சொல்லுங்கோ. நான் வாறன்."

அம்மா திரைக்கு அருகில் முகத்தைக் கொண்டுவந்தார்.

பிறகு, மெதுவாக:

"எப்ப வந்தது?"

ரூபி இறங்கி, சைக்கிளைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றாள். அவள் முகத்தில் இன்னும் சிரிப்பு இருந்தது. என்ன விசயம் என்று புருவத்தால் கேட்டாள்.

அவன் அவளைப் பார்க்கவில்லை.

மாசி. அந்த ஒரு சொல்லைச் சொன்னால் போதும். நாக்கு நுனி வரை வந்தது.

"நேற்று" என்றான்.

அம்மா அழுதார். அழுதுகொண்டே சிரித்தார்.

"நேற்று வெள்ளியெல்லோ. உன்ர கடிதத்துக்கெண்டு சித்திரையிலயிருந்து அம்மனுக்கு வெள்ளி விரதம் பிடிக்கிறன் தம்பி. நேற்றோட பதினேழு. இந்த உடம்போட பட்டினி கிடக்காதேங்கோ எண்டு டொக்டரும் கத்தினவர். பாத்தியே, அவள் கைவிடேல்லை."

பதினேழும் கடிதம் வந்த பிறகு வந்த வெள்ளிகள்.



"ரூபி பக்கத்தில நிக்கிறாளோ? குடு, குடு. அவளும் எவ்வளவு சந்தோசப்பட்டிருப்பாள்."

ரூபி எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். சிரிப்பு போய்விட்டிருந்தது. அவனை ஒருமுறை, நன்றாக, பார்த்தாள். பேச்சு வாங்கினால் நல்லது என்று அவன் நினைத்தான். அவள் ஏசவில்லை.

கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டுத் தொலைபேசியை வாங்கினாள்.

"ஓம் மாமி" என்றாள். "நேற்றுத்தான் வந்தது."