இரைச்சல் இல்லாத வண்டி

வந்தவர் டயரை உதைத்துப் பார்க்கவில்லை. எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று கேட்கவில்லை. நேராகப் போய் வண்டியின் கூரையை விரல் முட்டியால் தட்டினார்.

பொத்தென்று சத்தம் வந்தது. ஃபைபர். உதட்டைப் பிதுக்கிவிட்டு அடுத்த வண்டிக்கு நகர்ந்தார்.

பழைய வண்டி வியாபாரி, பின்னால் நின்றிருந்த வந்தவரின் மனைவியைப் பார்த்தார். இந்தத் தொழிலில் எத்தனையோ கிறுக்கர்களைப் பார்த்தாயிற்று, கூரையைத் தட்டி வண்டி வாங்குகிறவரை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்பது அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

அவள்தான் விளக்கினாள். கணவர் வயர்லெஸ் மெக்கானிக். துறைமுகத்துப் படகுகளின் செட்டுகளையெல்லாம் முப்பது வருஷமாக அவர்தான் பழுது பார்க்கிறார். இப்போது வீட்டில் ஒரு பெரிய செட் செய்து வைத்திருக்கிறார். படகில் இருப்பதைவிட இருபது மடங்கு சக்தி. அதை வண்டியில் ஏற்றிக்கொண்டு கடற்கரைச் சாலை நெடுகப் போய்க்கொண்டே கூப்பிட வேண்டும். ஆன்டெனாவுக்குக் கூரை இரும்பாக இருக்க வேண்டும். செட் பேட்டரியை உறிஞ்சி எடுத்துவிடும், அதனால் கரண்ட் ஏற்றுகிற டைனமோவும் பெரிதாக இருக்க வேண்டும்.

யாரைக் கூப்பிட என்று வியாபாரி கேட்டார்.

எங்கள் சின்னவனை என்றாள். அவன் போன விசைப்படகு திரும்பாமல் இன்றோடு எழுபத்தொரு நாள். தேடப் போனவர்கள் ஐந்தாவது வாரமே கைவிரித்துவிட்டார்கள்.

வியாபாரி வேலையாளைக் கூப்பிடாமல் தானே போய்ச் சாவிக்கொத்தை எடுத்து வந்தார்.

வீட்டு மொட்டைமாடியிலிருந்து மெக்கானிக் மகனைக் கூப்பிடாத நாள் இல்லை. பதில் வராததற்குத் தினம் ஒரு காரணம் இருந்தது. பக்கத்துப் பட்டறையில் வெல்டிங், எதிர்வீட்டு மோட்டார், தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர். இத்தனை இரைச்சலில் பிள்ளையின் குரல் எப்படிக் கேட்கும், அவனுடையது சின்ன செட், நான் மாட்டிக் கொடுத்த சோலார் தகட்டை நம்பி ஈனஸ்வரத்தில் பேசிக்கொண்டிருப்பான், ஊரைத் தாண்டிவிட்டால் கேட்டுவிடும் என்பார். அவளும் சாப்பாட்டுத் தட்டை அவர் கையில் கொடுத்துக்கொண்டே ஆமாம் என்பாள்.

இரண்டாவது வண்டியின் டைனமோ விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்தது. பானட்டை மூடிவிட்டார்.

மூன்றாவது, ஒரு காலத்தில் ஆம்புலன்ஸாக ஓடிய வேன். கூரை கணீரென்றது. டைனமோ பெரியது. இன்னொரு பேட்டரி வைக்கவும் இடம் இருந்தது. பல நாளுக்குப் பிறகு அவர் முகத்தில் களை வந்தது.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு சோதனை. எஞ்சின் ஓடினால் அதன் இரைச்சல் ரிசீவருக்குள் புகுந்துவிடும். புகாத வண்டி கிடைப்பது குதிரைக்கொம்பு. பையிலிருந்து சின்ன ரிசீவரை எடுத்தார். கூரையில் ஒரு கம்பியை நிறுத்தி அதோடு இணைத்தார். மகனின் படகு பேசுகிற அலைவரிசையை வைத்தார். வியாபாரி சாவியைத் திருப்பினார்.

துளி இரைச்சல் இல்லை. கொட்டகை ஊருக்கு வெளியே, கடலைப் பார்த்து இருந்தது. வெல்டிங் இல்லை, மோட்டார் இல்லை. எங்கோ நடுக்கடலில் இரண்டு படகுக்காரர்கள் ஐஸ் தீர்ந்துபோனதைப் பற்றிப் பேசியது அடுத்த அறையில் பேசுவதுபோலக் கேட்டது.

அவர்கள் பேசி முடித்தார்கள். பிறகு ஒன்றும் இல்லை.

ஐந்து நிமிஷம் ஆனது. பத்து ஆனது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம், பிரமாதமான வண்டி என்றார் வியாபாரி. மெக்கானிக் ரிசீவரின் ஒலியைக் கூட்டினார். முழுதாகத் திருகிய பிறகும் அவர் கை குமிழை விடவில்லை.

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். இரைச்சல் இருந்தவரை ஒரு சாக்கு இருந்தது. இந்த வேனில் ஏறினால் அதுவும் போய்விடும். சாலையின் ஒவ்வொரு வளைவிலும் பிள்ளை இல்லை, பிள்ளை இல்லை என்று இது தெளிவாகச் சொல்லிக்கொண்டே வரும்.

வேறு வண்டி இருக்கிறதா என்று கேட்டாள்.

வியாபாரிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மூலையில் ஒரு பழைய பெட்ரோல் ஜீப் கிடக்கிறது, உங்களுக்குக் காட்ட எனக்கே கூச்சமாக இருக்கிறது என்றார். பரவாயில்லை, காட்டுங்கள் என்றாள்.

இரும்புக் கூரை. டைனமோவும் மோசமில்லை. ஆனால் எஞ்சின் கிளம்பியதுமே ரிசீவர் கரகரவென்று பொரிந்து தள்ளியது. ஏறியது, இறங்கியது, நடுவில் இழுத்தது, திக்கியது, மறுபடி பிடித்துக்கொண்டது. வியாபாரி அவசரமாகச் சாவியில் கை வைத்தார்.

"அணைக்காதீங்கண்ணே," என்றவள் கணவர் பக்கம் திரும்பினாள். "ஏங்க, இதுல யாரோ பேசுற மாதிரி இருக்குல்ல?"

முப்பது வருஷமாக அந்தச் சத்தத்தை ஊரார் செட்டுகளிலிருந்து ஒழித்துக்கட்டுவதையே பிழைப்பாக வைத்திருந்தவர், ரிசீவரைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் கேட்டார்.

"ஆமா," என்றார். "பேசுறான்."

பிளக்கையும் வயரையும் மாற்றினால் இந்தக் கரகரப்பு போய்விடும், சாயங்காலத்துக்குள் மாற்றித் தருகிறேன் என்றார் வியாபாரி. வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.