மின்னியின் வழக்கு

ஒரு சுவரில் ஒரு தாய்ப்பல்லியும் அவள் மகள் மின்னியும் இருந்தார்கள். பள்ளிக்கூடத்துக் காலைப் பிரார்த்தனையில், "எங்க பங்குப் பூச்சியைப் பெரிய டீச்சரே தின்னுடறாங்க" என்று மின்னி எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள்.

"வாய் நீளம் இவளுக்கு" என்று பெரிய டீச்சர் ஓணான் அன்றே அவளைப் பள்ளிக்கூடத்தை விட்டே அனுப்பிவிட்டாள்.

தாய்ப்பல்லி நீதிபதி ஆமையிடம் ஓடினாள். "குழந்தை பேசலாமா கூடாதான்னு நீங்கதான் சொல்லணும், ஐயா."

"யோசிச்சுச் சொல்றேன்" என்று ஆமை ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டது.

தாய் சுவருக்குத் திரும்பி வந்தாள். "தீர்ப்பு வர்ற வரைக்கும் மூச்சு விடாதே, கண்ணு."

"நான் சொன்னது பொய்யாம்மா?"

"நிஜம்தான். அதான் பயமா இருக்கு. பூனை வந்தா வாலை விட்டுட்டு ஓடறோமே, திரும்ப முளைக்கலையா? பேச்சையும் அப்படி விட்டுடு."

மின்னி விட்டுவிட்டாள். அம்மாவிடம்கூடப் பேசவில்லை.

மழையும் போய் வெயிலும் போனபின் ஆமை தலையை நீட்டியது. "குழந்தை பேசலாம். பள்ளிக்கூடம் தடுக்கக் கூடாது."

தாய் சுவரெல்லாம் தாவி வந்தாள். "ஜெயிச்சுட்டோம்டி. ஏதாவது சொல்லு."

மின்னி வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

"முளைக்கும் கண்ணு, முளைக்கும்" என்று தாய் அவள் வாலைத் தடவிக்கொண்டே இருந்தாள்.