கட்டைவிரல் மை

டயாலிசிஸ் அறை வாசலில், நோயாளிகளின் வரிசை எண்கள் எழுதிய வெள்ளைப் பலகைமேல் காலை வெயில் சாய்வாக விழுகிறது. இரண்டு மெஷினில் ஒன்று பழுதாகிக் கிடப்பதால் இன்று ஒருவருக்குத்தான் இடம். நேற்றுவரை பலகையில் முதலாவதாக இருந்த ஒன்பதாம் எண்ணை யாரோ விரலால் தேய்த்து அழித்திருக்கிறார்கள்; அழித்த தடம் வெயிலில் மங்கலாகத் தெரிகிறது. பெஞ்சில் இரண்டு பெண்கள், நடுவில் ஒரே பிளாஸ்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எதிரே சக்கர நாற்காலிகளில் இருவரின் கணவர்களும் வீங்கிய கால்களோடு கண்மூடிக் கிடக்கிறார்கள். "நர்ஸோட கட்டைவிரலப் பாத்தியா? நீல மை," என்று ஒன்பதாம் எண்காரரின் மனைவியான மூத்தவள் கிசுகிசுக்கிறாள். "பெரிய இடத்து ஆளு எவனுக்கோ அழிச்சிருக்கா." இளையவள் பெருமூச்சு விடுகிறாள். "நமக்கெல்லாம் யாரு இருக்காக்கா?" கதவு திறக்கிறது. "பதினாலு, உள்ள கூட்டிட்டு வாங்க," என்கிறாள் நர்ஸ், காரணம் எதுவும் சொல்லாமல். பதினாலு இளையவளின் கணவர். அவள் துள்ளி எழுகிறாள். "நீ யாரப் புடிச்ச?" என்று மூத்தவள் கேட்கிறாள். "சத்தியமா யாரையும் புடிக்கலக்கா." மூத்தவள் பிளாஸ்கைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறாள். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகும் இளையவளின் கட்டைவிரலில் மை இருக்கிறதா என்று அவள் கண்கள் தேடுகின்றன.