தள்ளிய கை

"கணக்கு தொறந்தாப் போதும் தம்பி. கேமரா போல்டர் தொறக்கலைன்னே இருக்கட்டும்."

கோழித்தீவன ஆலை முதலாளி சந்திரசேகர் குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டு, கண்ணாடிக் கதவுக்கு வெளியே பார்த்தார். அங்கே பெஞ்சில் ஸ்ரீதேவி உட்கார்ந்திருந்தாள். போன வாரம் கலவை மிஷினில் சிக்கிச் செத்த குமரனின் மனைவி. இருவருக்கும் இதே ஆலையில்தான் வேலை.

கம்ப்யூட்டரைச் சரிசெய்ய வந்திருந்த மோகன்குமார் கீபோர்டை இழுத்துக்கொண்டான். விண்டோஸ் அப்டேட் ஆனதிலிருந்து நாமக்கல் முழுக்க இதே தொல்லைதான். கணக்கும் கேமராப் பதிவும் இருக்கும் சேமிப்புப் பெட்டிக்குப் பாஸ்வேர்டு இல்லாவிட்டால், கம்ப்யூட்டர் இப்போது அதைத் திறப்பதில்லை. பெட்டிக்குள் ஒரு பெயரும் பாஸ்வேர்டும் உண்டாக்கிக் கொடுத்தான். கணக்கு போல்டர் திறந்தது. அதே பாஸ்வேர்டுக்குக் கேமரா போல்டரும் திறக்கும்.

எடைமேடையில் லாரி வந்து நிற்க, சந்திரசேகர் எழுந்து போனார். ஸ்ரீதேவி உள்ளே வந்தாள்.

"ஏனுங்ண்ணா, தொறந்துருச்சுங்களா?"

"கணக்கு மட்டும்."

"அன்னிக்குச் சாயந்தரம் கேமராவப் பார்த்தது மொதலாளி மட்டுந்தானுங்க. மறுநாள் கேட்டா, அப்டேட் ஆயிருச்சு, தொறக்கலைங்கறாரு."

"என்ன ஆச்சுன்னு சொன்னார்?"

"ஓடுற மிசின்ல தவறி உழுந்துட்டாராமா. ஓடுற மிசின் கிட்ட அவரு போவாருங்களா? மொதலாளி மச்சானுக்கும் அவருக்கும் காலையிலதான் சண்டை. தள்ளி உட்டிருக்கான். அது எவன் கைன்னு நான் பார்க்கோணுமுங்க. அந்தக் கை அழுகிப் போவோணும்."

வெளியே யாரோ, மிஷினைப் போடச் சொல்லி, தகரத்தை இரண்டு முறை தட்டினார்கள். ஸ்ரீதேவியின் வலது கை தானாகச் சுவர்ப் பக்கம் எழுந்து, பாதியில் நின்று, மடங்கியது. ஆலைக்குள் மிஷின் ஓடத் தொடங்கியது.

மோகன்குமார் அவளைப் பார்த்தான். போன வருஷம் மனைவி செத்தபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அவனும் என்ன நடந்தது என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தான். யாரும் சொல்லவில்லை.

"உக்காருங்க" என்றான்.

கேமரா போல்டர் திறந்தது. அந்த நாளை எடுத்து ஓடவிட்டான். சத்தமில்லாத படம்.

மிஷின் நின்றிருந்தது. குமரன் உள்ளே இறங்கிக் கட்டிதட்டிய தீவனத்தைக் கையால் அள்ளி வெளியே போட்டான். பக்கத்தில் யாருமே இல்லை. முதலாளியின் மச்சான் படத்திலேயே இல்லை.

படத்தில் வாசலோரம் ஒரு லாரிக்காரன் தகரப் பின்கதவை அடித்துச் சாத்தினான். சரியாகப் பொருந்தவில்லை போல, மறுபடியும் அடித்தான்.

படத்தின் மூலையில், அடுக்கிய மூட்டைகளுக்குப் பின்னால், சுவரைப் பார்த்து நின்றிருந்த பெண் தலையை நிமிர்த்தினாள். திரும்பிப் பார்க்கவில்லை. வலது கையை உயர்த்தி சுவிட்சைப் போட்டாள். பிறகு தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போனாள்.

மோகன்குமார் படத்தை நிறுத்தக் கையை நீட்டினான். ஸ்ரீதேவி அதைத் தட்டிவிட்டாள். கடைசிவரை பார்த்தாள். பிறகு தன் வலது கையை மேஜைமேல் வைத்து, வேறு யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவருகே சந்திரசேகர் நின்றிருந்தார்.

"இதுக்குத்தானே தம்பி, தொறக்க வேண்டாம்னேன்."