ஆளுக்கொரு பெட்டி

"இனிமே சித்தப்பா தயவு உங்களுக்கு வேண்டாம்ப்பா."

மகன் புதுப் பெட்டியை மேசைமேல் வைத்தான். உள்ளங்கை அகலம்தான் இருந்தது.

பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "என்னடா இது?"

"கன்வெர்ட்டர், ஆம்ப்ளிஃபயர் ரெண்டும் இதுக்குள்ளேயே இருக்கு. ஹெட்போனைச் சொருகினா போதும், நினைச்ச நேரம் பாட்டுக் கேக்கலாம். ஞாயித்துக்கிழமைக்காகக் காத்துக் கிடக்க வேண்டாம்."

"யாரு காத்துக் கிடந்தா?" பெரியவர் சீறினார்.

உள்ளேயிருந்து மனைவி குரல் கொடுத்தாள். "நான்தான்! ஞாயித்துக்கிழமை விடிஞ்சதும் ஷேவ் பண்ணிட்டு, ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்துக்கறது நான்தானே!"

பெரியவருக்கும் தம்பிக்கும் பேச்சு அறுந்து வருஷக் கணக்காகிறது. இருவரும் சேர்ந்து லேத் பட்டறை நடத்தியவர்கள். தம்பி தன் பங்கை வெளியாளுக்கு விற்றுவிட்டான். "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டானா?" என்று பெரியவர் இன்றைக்கும் பொருமுவார். அதைச் சொல்லாமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

பட்டறைச் சாமான்களைப் பங்கு போட்டபோது பாட்டுப் பெட்டிகளையும் பிரித்தார்கள். நாள் முழுக்க இரைச்சலில் அடிபட்ட காதுக்கு மருந்தாக, வேலை முடிந்ததும் இருவரும் சேர்ந்து பாட்டுக் கேட்ட பெட்டிகள். கம்ப்யூட்டரிலிருந்து பாட்டை வாங்கி மாற்றித் தரும் கன்வெர்ட்டர் அண்ணனுக்கு. அதற்குப் பலம் ஏற்றி ஹெட்போனுக்கு அனுப்பும் ஆம்ப்ளிஃபயர் தம்பிக்கு. ஒன்றில்லாமல் மற்றது வெறும் தகர டப்பா என்று இருவருக்கும் தெரியும். தெரிந்தேதான் பிரித்தார்கள். எனக்கில்லாத பாட்டு அவனுக்கு மட்டும் எதற்கு என்கிற வீம்பு.

கொஞ்ச காலம் இரண்டு வீட்டிலும் பாட்டில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, தம்பி தோளில் பையோடு வாசலில் வந்து நின்றான்.

"பாட்டுக் கேக்கத்தான் வந்தேன் அண்ணி. பேச வரலை."

அன்றிலிருந்து அதுவே ஏற்பாடு. பெட்டிகளை இணைத்து, ஆம்ப்ளிஃபயரில் ஆளுக்கொரு ஹெட்போனைச் சொருகி மாட்டிக்கொண்டு, ஆளுக்கொரு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். ஹெட்போன் மாட்டியவனோடு யாரும் பேச வேண்டியதில்லையே! பாட்டு முடிந்ததும் தம்பி தன் பெட்டியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவான்.

பெரியவர் புதுப் பெட்டியைக் கையில் எடுத்தார். முன்பக்கம் பார்த்தார். பின்பக்கம் பார்த்தார். கவிழ்த்தும் பார்த்தார்.

"என்னப்பா தேடறீங்க?"

"ஒண்ணுமில்ல."

"கேட்டுப் பாருங்களேன்."

கேட்டார். ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாகக் காதில் இறங்கியது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

தம்பிக்குப் பாட்டுக் கேட்டால் கால் சும்மா இருக்காது. தாளம் தப்பித் தரையைத் தட்டுவான். அந்த அதிர்வு தரை வழியாகப் பெரியவரின் பாதத்துக்கு வரும். எரிச்சலாக இருக்கும்.

இன்றைக்குத் தரை சும்மா கிடந்தது.

பாதிப் பாட்டில் ஹெட்போனைக் கழற்றி வைத்தார்.

"எப்படிப்பா இருக்கு?"

"சரியில்ல."

"என்ன சரியில்ல?"

"சொன்னா உனக்குப் புரியாது, போடா."

மகனுக்குக் கோபம் வந்தது. "உங்களுக்குப் பாட்டு முக்கியமில்ல. வாரா வாரம் அவரை வரவெச்சு, முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காரணும். அதுல ஒரு சந்தோஷம்."

பெரியவர் ஹெட்போன் ஒயரைச் சுருட்டி வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மகன் குளிக்கப் போன நேரம் பார்த்து, புதுப் பெட்டி பீரோவுக்குள் போர்வைகளுக்கு அடியில் போனது. பெரியவர் ஷேவ் செய்துகொண்டார். நாற்காலி ஜன்னலோரம் போனது.

தம்பி வந்தான். பையை இறக்கித் தோளை நீவி விட்டுக்கொண்டான். ஆம்ப்ளிஃபயரை எடுத்து வைத்து ஒயரைச் சொருகும்போது மகன் தலையைத் துவட்டியபடி வந்தான்.

"புதுசு எங்கப்பா?"

"ரிப்பேர்."

"பீரோவுல போர்வைக்கு அடியில வெச்சா எந்தப் பெட்டிதான் பாடும்?" என்றாள் மனைவி.

தம்பி நிமிர்ந்தான். பெரியவர் அவசரமாக ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்தார்.

மகன் தலையில் அடித்துக்கொண்டான். "நல்ல பெட்டிம்மா அது! சித்தப்பா, உங்க பொண்ணைக் கேட்டுட்டுத்தான் வாங்கினேன். உங்க வீட்டுலயும் அதேதான் இருக்காமே? ரெண்டு வருஷமா நல்லா ஓடுதுன்னு சொன்னாளே!"

தம்பியின் கையில் ஒயர் அப்படியே நின்றது.

பெரியவர் திரும்பினார். ரெண்டு வருஷமா? வீட்டிலேயே பாட்டை வைத்துக்கொண்டு, இந்த இரும்புக் கனத்தைச் சுமந்து, பஸ் மாறி பஸ் ஏறி... தம்பியின் ஒரு தோள் மற்றதைவிட இறங்கியிருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தார்.

"அப்புறம் எதுக்கு சித்தப்பா இதைத் தூக்கிட்டு அலையறீங்க?"

தம்பி அண்ணனைப் பார்க்கவில்லை. ஒயரைச் சொருகிக்கொண்டே மகனிடம் சொன்னான்.

"அதுல ஒரு ஹெட்போன்தான்டா சொருக முடியும்."

பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"டேய், அந்த ஆளுகிட்ட சொல்லு. இனிமே அந்த ஆம்ப்ளிஃபயரை இங்கேயே வெச்சிட்டுப் போகட்டும்."

தம்பியின் முகம் கறுத்தது. கை பெட்டியை இறுகப் பற்றியது. "ஏன், என் பங்கையும் சேர்த்து அமுக்கிக்கலாம்னு பாக்கறாரான்னு கேளுடா."

பெரியவர் ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டார். சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அடுத்த வாரம் ஆள் மட்டும் வந்தா போதும்னு சொல்லு."