மணி ஏறியது, மனாசே எழவில்லை

"டேய் மனாசே, எழுந்து வந்து ஒரு கை கொடேன்டா!"

"இங்கேயே சுகமா இருக்கு டீச்சர்."

லூபே டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டோங்காவின் அந்தக் குட்டித் தீவிலிருந்த ஆண்பிள்ளைகள் எல்லாரும் ரக்பி மேட்ச் பார்க்க நேற்றே பெரிய தீவுக்குக் கப்பலேறிவிட்டார்கள்; நாளைக் காலையில்தான் திரும்புவார்கள். மிஞ்சியவன் இவன் ஒருத்தன்தான். அதுவும் தூங்கிப்போய்க் கப்பலைக் கோட்டை விட்டதால். ஆள் என்னவோ காளை மாதிரி இருந்தான். சர்ச் வாசலில் இருந்த பழைய வேலிக் கம்பத்தில் முதுகைச் சாய்த்து, எதிரே கிடந்த பாறையில் இரண்டு காலையும் முட்டுக்கொடுத்து, ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான்.

விடிந்தால் வயோலாவுக்குக் கல்யாணம். ஆக்லாந்து சொந்தக்காரர்கள் அனுப்பிய புது மணி, சர்ச் வாசல் உத்தரத்தில் ஏறாமல், இன்னும் புல்தரையில் குந்தியிருந்தது. மணி அடிக்காமல் மோதிரம் மாற்ற மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள் கல்யாணப் பெண்.

"நாலு ஆள் கனம் இருக்கும் போலிருக்கே. பொம்பளைங்க நாம எப்படித் தூக்குறது?" என்றாள் பாதிரியார் மனைவி.

"இதோ இப்படித்தான்!" படகுத்துறையில் இரவல் வாங்கிவந்த கப்பிகளைக் காட்டினாள் டீச்சர். "ஒரே ஒரு கப்பி போட்டா கயிறு திரும்பி வரும், அவ்வளவுதான். மேலே தூக்குறதைக் கீழே இழுக்கலாம். கனம் குறையாது. அதனால உத்தரத்துல மூணு சக்கரம், மணி மேல ரெண்டு சக்கரம் மாட்டியிருக்கேன். நடுவுல கயிறு நாலு தடவை ஓடுது பாருங்க. நாம ஒரு ஆள் கனத்தை இழுத்தாப் போதும்."

"மிச்ச மூணு ஆள் கனத்தை யார் தூக்குவா? கர்த்தரா?" என்றாள் வயோலா.

எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள்.

"உத்தரம் தாங்கும்டி. கயித்தோட மறுமுனையை, இதோ இந்தச் சோம்பேறி சாய்ஞ்சிருக்கான் பார், அந்தக் கம்பத்துல கட்டியிருக்கேன். அதுவும் சேர்ந்து தாங்கும். ஆனா சும்மா எதுவும் கிடைக்காது. மணி ஒரு முழம் ஏறணும்னா நீங்க நாலு முழம் இழுக்கணும்."

இழுத்தார்கள்.

மணி புல்லை விட்டு எழுந்ததுமே பெண்களுக்குத் தலைகால் புரியவில்லை. "ஐயோ, ஏறுதுடி! ஏறுது!" என்று ஒரே கூச்சல். சர்ச் பாட்டு ஒன்றை ஓட்டப்பந்தய வேகத்தில் பாடிக்கொண்டே பின்னால் போனார்கள். சாலையைத் தாண்டினார்கள். யாரோ ஒருத்தியின் சேனைக்கிழங்குத் தோட்டத்தை மிதித்தார்கள். வயோலா பன்றி புரளும் சேற்றில் தொப்பென்று உட்கார்ந்தாள், உட்கார்ந்தபடியே இழுத்தாள்.

"கல்யாணப் பொண்ணுக்கு இப்பவே நலங்கு ஆயிடுச்சு!"

ஏணியில் ஏறி நின்ற லூபே டீச்சர், மணியின் காது உத்தரத்தைத் தொட்டதும் போல்ட்டுகளைச் செருகினாள். அப்போதுதான் ஸ்பானர் ஞாபகம் வந்தது. அது கீழே, மனாசேயின் காலடியில் கிடந்தது.

"மனாசே, அந்த ஸ்பானரை எடுத்துக் கொடு."

"கால் மரத்துப்போச்சு டீச்சர்."

"என்னது?"

"எழுந்திருக்க முடியலை டீச்சர். வேற யாரையாவது..."

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்ததில் மணி மேலும் கீழும் ஆடியது.

"சிரிக்காதீங்க!" என்று கத்தினான் மனாசே. "டீச்சர், சீக்கிரம் முடிங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"ஏன், துரைக்குத் தூக்கம் கெடுதா? முகமெல்லாம் எப்படி வேர்க்குது பாருங்கடி! உட்கார்ந்திருக்கிறதுக்கே இவ்வளவு வேர்வையா?"

கடைசியில் பாதிரியார் மனைவிதான், இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து, குனிந்து ஸ்பானரை எடுத்து நீட்டினாள். அப்போதும் பையன் அசையவில்லை. டீச்சர் மணிக்கு அடியில் தலையை நுழைத்து, நட்டுகளைப் பல்லைக் கடித்துக்கொண்டு முடுக்கினாள்.

"முடிஞ்சுது! கயித்தை விடுங்கடி!"

மணியின் நாக்கைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டினாள். டாண்! தீவு முழுக்க அதிர்ந்தது. சேறு சொட்டச் சொட்ட வயோலா ஆட ஆரம்பித்தாள். பாதிரியார் மனைவிகூட இடுப்புவலியை மறந்து நாலு சுற்று சுற்றினாள்.

டீச்சர் இறங்கி நேரே மனாசேயிடம் போனாள்.

"நாளைக்குப் பந்தியில உனக்குப் பன்றிக்கறி கிடையாது. தெரிஞ்சுதா?"

"முடுக்கியாச்சா டீச்சர்?"

"ஆச்சு."

"நல்லா?"

"நல்லாத்தான்டா! எழுந்திரு முதல்ல!"

மனாசே பாறையிலிருந்து ஒவ்வொரு காலாக எடுத்து, மெல்ல எழுந்தான்.

அவன் முதுகு விலகியதும் கம்பம் அப்படியே சரிந்து புல்லில் விழுந்தது. அடிமரம் முழுக்கக் கறையான் தின்று, மாவாக உதிர்ந்தது. கட்டிய கயிறு மட்டும் முடிச்சு அவிழாமல் இருந்தது.

ஆட்டம் நின்றுபோயிற்று. லூபே டீச்சர் அண்ணாந்து மணியைப் பார்த்தாள். அதன் அடியில் தன் தலை இருந்த இடத்தைப் பார்த்தாள்.

"ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதாடா?" என்றாள்.

"போட்டிருந்தா எல்லாரும் கயித்தை விட்டுட்டு என்னைப் பிடிக்க ஓடி வந்திருப்பாங்களே, டீச்சர்."

கன்றிப்போன முதுகைத் தேய்த்துக்கொண்டு அசடு வழியச் சிரித்தான்.

"ஆனா பொய் சொல்லக் கூடாது. முதல்ல சோம்பேறித்தனமாத்தான் உட்கார்ந்தேன். அப்புறம்தான் எழுந்திருக்க முடியாமப் போச்சு."